சித்தருக்கு விட்ட இடம்

பௌர்ணமி என்றைக்கு என்று தெரிந்துகொள்ள செஞ்சியில் நாள்காட்டி பார்க்க வேண்டியதில்லை. கூட்டுரோட்டு டீக்கடையில் வழக்கமாக ஒரு பால் கேன் இறங்கும் இடத்தில் மூன்று இறங்கினால் அன்று பௌர்ணமி. மாலை ஐந்து மணிக்கு மேல் திண்டிவனம் பக்கமிருந்து வேன்கள் வரத் தொடங்கும். கிளாம்பாக்கத்தில் புறப்பட்ட சிறப்புப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, சிறிது நின்று, மேற்கே திரும்பும். இரவு முழுக்க அந்த ஓசை திருவண்ணாமலையை நோக்கியே போகும். அதிகாலை மூன்று மணிக்கு மேல் அதே ஓசை கிழக்கே திரும்பி வரும்.

பதினைந்து நாள் கழித்து அமாவாசை. அன்றைக்குக் கூட்டம் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு. நள்ளிரவில் நடக்கும் ஊஞ்சல் உற்சவத்தைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அவர்களில் பெரும்பகுதிக்கும் செஞ்சிதான் வழி. ஆக, வளர்பிறை முடிவில் ஒரு இரவு, தேய்பிறை முடிவில் ஒரு இரவு என்று மாதத்துக்கு இரண்டு இரவு இந்த ஊருக்குத் தூக்கம் கிடையாது. இவ்வளவு பேர் வந்தும் அவர்களில் யாரும் செஞ்சிக்கு வருவதில்லை. செஞ்சி வழியாகப் போகிறார்கள்.

இந்த ‘வழியாக’ என்ற சொல்லைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. கோயில் உள்ள ஊருக்குத் திருவிழா ஏற்பாடு உண்டு. ஆட்சியர் தலைமையில் கூட்டம், தற்காலிகப் பேருந்து நிலையம், கூடுதல் காவலர், மருத்துவ முகாம் என்று எல்லாம் உண்டு. வழியில் உள்ள ஊருக்கு ஒன்றும் கிடையாது. இங்கிருந்து திருவண்ணாமலை ஏறத்தாழ 37 கிலோமீட்டர். மாவட்டமே வேறு. நாம் விழுப்புரம் மாவட்டத்துப் பேரூராட்சி. அது 2024இல் மாநகராட்சி ஆன நகரம். அங்கே நடக்கும் விழாவின் சுமையில் ஒரு பங்கை இங்கே இறக்கி வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பங்கு யாருடைய கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

பௌர்ணமி இரவில் இவர்கள் போவது திருவண்ணாமலை மலையைச் சுற்றி நடக்கும் கிரிவலத்துக்கு. அதற்கென்று சில பழைய ஒழுங்குகள் உண்டு. 14 கிலோமீட்டர் பாதை. இந்திர லிங்கத்தில் தொடங்கி அக்னி, யம, நிருதி, வருண, வாயு, குபேர, ஈசானிய லிங்கங்கள் என்று எட்டுத் திசைக்கு எட்டு. நடுவில் அடி அண்ணாமலை. வெறுங்காலில் நடக்க வேண்டும், அவசரப்படக் கூடாது. நிறைமாத கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல் அடிமேல் அடி வைத்து நடக்க வேண்டும் என்று ரமணர் சொல்வார் என்பார்கள். இன்னொரு ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது. மலை நமக்கு வலப்பக்கம் இருக்கும். நாம் சாலையின் இடப்பக்கமாகவே நடக்க வேண்டும். மலையை ஒட்டிய வலப்பக்கத்தில் சித்தர்களும் தேவர்களும் கண்ணுக்குத் தெரியாமல் சுற்றி வருகிறார்கள். அந்த இடத்தை அவர்களுக்கு விட்டுவிட வேண்டும்.

சித்தர்கள் நடக்கிறார்களா என்பது அவரவர் நம்பிக்கை. நம்பாதவரும் இந்த ஏற்பாட்டின் அழகை மறுக்க மாட்டார். இலட்சம் பேர் நடக்கும் பாதையில் பாதியைக் காலியாக விடு என்று சொன்னால் எவன் கேட்பான்? உனக்குத் தெரியாத ஒருவர் அங்கே நடக்கிறார், அவரை இடித்துவிடாதே என்று சொன்னார்கள், கேட்டார்கள். இன்றைக்கு அந்தக் காலியிடம் கிடைத்தால் 108 வண்டி அதில் போகும். மயங்கி விழுந்த பாட்டியைத் தூக்கிக்கொண்டு வருபவர் போவார். சக்கர நாற்காலியில் தாயை வைத்துத் தள்ளிக்கொண்டு வரும் மகன் போவான். ஆனால் அந்த இடம் இப்போது இல்லை. குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் பௌர்ணமி இரவு ஒரு மணிக்கு நின்று பாருங்கள். இடப்பக்கம் கடை, வலப்பக்கம் கடை, நடுவில் காசு வீசுகிற கூட்டம், கொஞ்சம் தள்ளி இடுக்குப் பிள்ளையாருக்குள் நுழைந்து வெளிவரக் காத்திருக்கும் வரிசை. சித்தர் வந்தால் அவரும் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

கூட்டம் பெருகியதை யாருடைய குற்றமாகவும் நான் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் கிரிவலப் பாதை இருட்டு. உள்ளூர்க்காரர்கள், சாதுக்கள், ஆசிரமங்களுக்கு வந்தவர்கள் ஆகியோர்தான் பெரும்பாலும் நடந்தார்கள். 1990களில் அது மாறியது. பாதைக்கு விளக்கு வந்ததையும் கூட்டம் வந்ததையும் பேசுகிறவர்கள் ரஜினிகாந்த் பெயரைச் சேர்த்தே பேசுவார்கள். பிறகு தொலைக்காட்சி, பிறகு கைப்பேசி. அண்மை ஆண்டுகளில் ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருகிறவர்கள் தமிழ்நாட்டுக் கூட்டத்துக்குச் சமமாகப் பெருகிவிட்டார்களோ என்று எண்ணும்படி கிரிவலப் பாதைக் கடைகளில் தெலுங்குப் பலகைகள் தொங்குகின்றன. வரட்டும். அருணாசலம் தமிழருக்கு மட்டும் பட்டா போட்ட மலை அல்ல.

ஆனால் மலைக்கும் ஒரு தாங்கும் அளவு இருக்கிறது. அதை நாம் 2024 டிசம்பர் 1 அன்று பார்த்தோம். ஃபெஞ்சல் புயல் முந்தைய இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று கொட்டியது. நம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதே மழையில் அண்ணாமலையின் சரிவு வ.உ.சி. நகர் வீடுகளின் மேல் இறங்கியது. ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த ஆண்டு கார்த்திகை தீபத்தன்று பக்தர்களை மலையேற விடவில்லை. சிலர் வருத்தப்பட்டார்கள். தீபம் ஏறியது, கீழே நின்று கும்பிட்டார்கள். மலை உச்சியில் ஏறிப் பார்ப்பதைவிட, கீழே நின்று பார்க்க வேண்டும் என்பதற்காகத்தானே அதை உச்சியில் ஏற்றுகிறார்கள்?

அந்த மலை ஒரு காலத்தில் மொட்டையாக இருந்தது என்பதை இன்று முதல்முறை வருபவர் நம்ப மாட்டார். ஆண்டுதோறும் புல்லில் தீப்பிடித்து எரிந்து, மிஞ்சிய மரமும் விறகுக்குப் போய், வெயிலில் பாறை மட்டும் பளபளத்த மலை அது. 1980களின் இறுதியிலிருந்து தன்னார்வக் குழுக்கள் கன்று வைத்து, தீத்தடுப்புக் கோடு வெட்டி, கோடையில் இரவு பகலாகக் காவல் இருந்து அதைப் பச்சையாக்கின. உள்ளூர் ஆட்கள் செய்த வேலை, வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியவர்கள் செய்த வேலை, வனத்துறை செய்த வேலை எல்லாம் அதில் கலந்திருக்கிறது. அவ்வளவையும் ஒரு துண்டு பீடி அழித்துவிடும். காட்டோரத்தில் ஏற்றிவிட்டுப் போகும் ஒரு சூடக் கட்டியும் அழித்துவிடும். சுமார் பத்தாண்டுகளுக்கு முன் கிரிவலச் சாலையை அகலப்படுத்த மரங்களை வெட்டத் தொடங்கியபோது ஊரே எழுந்து கேட்டது. பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. கூட்டம் கூடினால் சாலையை அகலமாக்கு என்பது பொறியாளருக்கு எளிதாகத் தோன்றும் விடை. நிழலில்லாத அகலச் சாலையில் சித்திரை வெயிலுக்கு வெறுங்காலோடு நடந்தவர்கள் வேறு விடை சொல்வார்கள்.

இனி அன்னதானம். இதைப் பேசினால் கோபம் வரும். இருந்தாலும் பேச வேண்டும். பசித்தவனுக்குச் சோறு போடுவதில் குற்றம் காண யாருக்கும் வாய் வராது. ஆனால் கிரிவலப் பாதையில் பசித்தவனைத் தேட வேண்டியிருக்கிறது. முதல் கிலோமீட்டரில் வாங்கிய சாம்பார் சாதம் கையில் இருக்கும்போதே இரண்டாவது கிலோமீட்டரில் தயிர்சாதத்தை நீட்டுகிறார்கள். வாங்காவிட்டால் மனம் நோகுமே என்று வாங்குகிறார்; இரண்டு வாய் சாப்பிட்டு ஓரமாக வைக்கிறார். குப்பைத்தொட்டி நிறைந்திருக்கும், எனவே ஓரமாக. அந்தச் சோற்றில் பின்னால் வருபவர் வழுக்குகிறார். வெறுங்காலில் வருகிற மனிதருக்கு மிச்சச் சோறும், உருகிய சூடமும், உடைந்த அகலும் எப்படி இருக்கும் என்று தானம் செய்தவர் ஒருமுறை நடந்து பார்த்திருக்கலாம்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. தூக்குப்பை மட்டும்தான் அதில் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர் பாக்கெட்டும் அதில் உண்டு. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதத் தட்டும் காகிதக் கப்பும் உண்டு. தட்டின் உள்பக்கம் பளபளவென்று மின்னினால் அது காகிதம் அல்ல. இந்தத் தட்டுகளும் கப்புகளும் திருவண்ணாமலையில் மட்டும் விற்பவை அல்ல. புறப்படும் வழியில், மொத்தமாக, மலிவாக, எந்த ஊரில் கிடைக்கிறதோ அங்கே வாங்கிக்கொண்டு போகிறார்கள். செஞ்சிக் கடைத்தெருவும் அதில் சேர்ந்தது. எனவே, குப்பை திருவண்ணாமலையின் பிரச்சினை என்று நாம் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. நம் கடையில் பாக்குமட்டைத் தட்டும் தொன்னையும் வாழையிலையும் முன்வரிசையில் இருந்தால் அங்கே பாதையில் விழுவதும் அதுவாக இருக்கும். விலை வித்தியாசம் உண்டுதான். ஆயிரம் பேருக்குச் சோறு போடத் துணிந்தவர் அறுநூறு பேருக்கு மட்டைத் தட்டில் போடட்டும். அண்ணாமலையார் கணக்குக் கேட்க மாட்டார்.

அன்னதானம் செய்வோர் முன்கூட்டியே பதிவு செய்து அனுமதி பெற்று, குறித்துக் கொடுத்த இடத்தில் மட்டும் வழங்க வேண்டும் என்று அங்கே நிர்வாகம் சொல்கிறது. நல்ல விதி. அதோடு இன்னொரு யோசனை: எல்லோரும் 14 கிலோமீட்டருக்குள்ளேயே முட்டிமோதிக்கொண்டு ஏன் போட வேண்டும்? திண்டிவனத்திலிருந்து வருபவருக்கு வல்லம் பக்கம், செஞ்சி, ஆலம்பூண்டி, கீழ்பென்னாத்தூர் என்று வழி நெடுக ஊர்கள் இருக்கின்றன. தீபத்துக்குச் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து பாதயாத்திரையாகப் போகிறவர்கள் இந்தச் சாலையில்தான் நடக்கிறார்கள். அவர்களுக்கு உண்மையில் பசிக்கும். அவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் வேண்டும், உட்கார ஒரு திண்ணை வேண்டும், கால் கழுவ ஒரு குழாய் வேண்டும்.

நம் முன்னோர்களுக்கு இது தெரிந்திருந்தது. பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். தலைச்சுமையோடு வருபவர் வேறொருவரை உதவிக்கு அழைக்காமல் தானே இறக்கி வைத்துவிட்டுத் தானே தூக்கிக்கொள்ளும் உயரம் அதற்கு. இன்னும் பின்னால் போனால் பத்துப்பாட்டில் கடைசியான மலைபடுகடாம் இருக்கிறது. திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள செங்கத்தை ஆண்ட நன்னனிடம் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு அது. 583 அடி. நன்னன் புகழைவிட வழிதான் அதில் அதிகம் என்று எனக்குத் தோன்றும். எங்கே பாறை வழுக்கும், எங்கே செடி மூடிய குழி இருக்கும், தினைப்புனம் காப்பவர் வீசும் கவண்கல் வந்தால் எப்படி மரத்தின் பின்னால் ஒதுங்க வேண்டும், எந்த ஊரில் தங்கினால் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார் புலவர். வழியிலுள்ள ஊர்க்காரர்கள் யாரும் ‘அவர்கள் நன்னனைப் பார்க்கப் போகிறார்கள், நமக்கென்ன’ என்று சொல்வதில்லை. சோறு போடுகிறார்கள், வழியில் உள்ள ஆபத்தையும் சொல்லி அனுப்புகிறார்கள்.

இந்த இரண்டாவது வேலையைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

தேசிய நெடுஞ்சாலை 77 என்று எண் போட்டிருக்கும் இந்தச் சாலையில் இரவில் நடப்பவர்களின் முதுகில் ஒளி பட்டால் மின்னும் பட்டை பெரும்பாலும் இல்லை. பழனிக்கு நடப்பவர்களுக்குக் காவல்துறையும் தன்னார்வலர்களும் ஒட்டிவிடும் அந்தச் சிறு ஒளிர்பட்டை இங்கே அபூர்வம். இன்னொரு குழப்பமும் உண்டு. கிரிவலத்தில் இடப்பக்கம் நடந்து பழகியவர் நெடுஞ்சாலையிலும் இடப்பக்கமே நடக்கிறார். பின்னால் வரும் லாரி அவருக்குத் தெரியாது. நடைபாதை இல்லாத நெடுஞ்சாலையில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்புறமாக நடப்பதுதான் பாதுகாப்பு. மலையைச் சுற்றும்போது ஒரு விதி, மலைக்குப் போகும்போது ஒரு விதி என்று நம் ஊர் எல்லையில் ஒரு பலகை வைத்துச் சொல்லலாம். நெல் வரத்துக் காலத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டை ஏற்றிய வண்டிகளும் இதே சாலையில் இரவோடு இரவாக வந்து நிற்கின்றன. பௌர்ணமியும் அறுவடையும் ஒன்றாக வந்த இரவில் கூட்டுரோட்டில் நின்றவருக்கு நான் சொல்வது புரியும். வண்டிக்காரர், வியாபாரி, காவலர் மூவரும் பேசி அந்த ஓர் இரவு வரத்தைச் சில மணி நேரம் தள்ளி வைத்தால் யாருக்கும் நட்டமில்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்துவது அதிகாலைதான். ஒருமுறை நான்கு மணிக்குக் கூட்டுரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு டெம்போ டிராவலர் வந்து நின்றது. உள்ளே அத்தனை பேரும் வாயைப் பிளந்து உறக்கம். ஓட்டுநர் மட்டும் இறங்கி முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டார். கண் சிவந்திருந்தது.

“கொஞ்சம் தூங்கினீங்களாண்ணே?” என்று கேட்டேன்.

“எங்க சார்? நானும் சுத்திட்டுத்தான் வர்றேன். மலை வரைக்கும் வந்துட்டு சுத்தாம போக மனசு வருமா?”

அவர் கேட்டதில் தவறில்லை. அவருக்கும் அண்ணாமலையார் உண்டு. பகல் முழுக்க ஓட்டி, இரவு 14 கிலோமீட்டர் நடந்து, மறுபடி 150 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும் என்றால் தவறு வேறெங்கோ இருக்கிறது. தனக்கு மட்டும் புண்ணியம் என்று எண்ணி, வண்டி ஓட்டுபவருக்கு ஒரு இரவு உறக்கத்தை வாங்கித் தராத பயணிகளிடம் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு வேறு சவாரிக்கு ஒப்புக்கொண்ட வண்டி முதலாளியிடம் இருக்கிறது. செஞ்சிக் கோட்டை பார்க்கப் பகலில் வருபவருக்கு வண்டி நிறுத்த இடம் உண்டு, ஆனால் இரவில் களைத்து வரும் ஓட்டுநருக்கு இரண்டு மணி நேரம் சாய ஓர் இடம் தராத ஊரிடமும் இருக்கிறது. ஒரு திருமண மண்டபம், பத்துப் பாய், விளக்கு, கழிப்பறை. மாதம் இரண்டு இரவு. இதற்குக் கோடிகள் வேண்டியதில்லை. இந்தச் சாலைக்கு மாற்றாகத் திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் பாதை என்று அறிவித்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. ரயில் வரும்போது வரட்டும். ஓட்டுநர் இன்றைக்குத் தூங்க வேண்டும்.

கழிப்பறை என்றதும் பெண்கள் நினைவு வருகிறது. வேனில் வருபவர்களில் பாதிக்கு மேல் அவர்கள்தான். வழியில் இறங்க இடமிருக்காது என்று தெரிந்து மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிற பெண்களை உங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். அதன் பிறகு 14 கிலோமீட்டர் நடந்தால் மயக்கம் வராமல் என்ன செய்யும்? விரதம் என்று அதற்குப் பெயர் வைத்துவிடக் கூடாது. பெட்ரோல் பங்க், உணவகம், பள்ளி, மண்டபம் என்று கழிப்பறை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அந்த இரண்டு இரவுகளில் கதவைத் திறந்து வைத்து, வாசலில் ஒரு விளக்கைப் போட்டால் போதும். சுத்தம் செய்பவருக்கான கூலியைப் பேரூராட்சியும் வணிகர்களும் பகிர்ந்துகொள்ளலாம். அந்தக் கூலி முன்கூட்டியே பேசி, கையில் கொடுக்கப்பட வேண்டும். ‘சேவை’ என்று சொல்லித் தூய்மைப் பணியாளரை மட்டும் புண்ணியத்துக்கு உழைக்கச் சொல்வது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம்.

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. சபரிமலையில் 2011இல் காவல்துறை அதிகாரி ஒருவர் தொடங்கிவைத்த ‘புண்ணியம் பூங்காவனம்’ இயக்கத்தில் வருகிற பக்தரே சிறிது நேரம் குனிந்து குப்பை பொறுக்குகிறார். அதுவும் வழிபாட்டில் சேர்த்தி. ஜப்பானின் ஷிகோகு தீவில் 88 கோயில்களைச் சுற்றி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நடக்கிறார்கள். வழியிலுள்ள ஊர்மக்கள் யாத்ரீகருக்குப் பழமோ தேநீரோ தங்க இடமோ கொடுப்பதை ‘ஒசெத்தாய்’ என்கிறார்கள். வாங்கிக்கொண்டவர் தன் பெயர்ச்சீட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறார். கொடுத்தவரும் அந்தப் பயணத்தில் பங்கு பெற்றதாகக் கருதப்படுகிறார். இலங்கையில் யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடப்பவர்களுக்கு இடையில் காடு உண்டு. அந்தக் காட்டுப் பாதை குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டுமே திறக்கும். முருகனைப் பார்க்கப் போகிறோம் என்பதற்காக யானையின் காட்டை ஆண்டு முழுவதும் திறந்துவிடச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

நம் ஊரில் இதற்கு இரண்டு எதிர்ப்புக் குரல்கள் எழும் என்று தெரியும். ஒன்று, ‘அவனவன் பக்திக்கு நாம் ஏன் செலவு செய்ய வேண்டும்’ என்பது. கடவுள் மறுப்பாளர் மட்டும் கேட்பதல்ல இது. பௌர்ணமி இரவில் தூங்க முடியாத ஆஸ்துமா நோயாளியும், மறுநாள் தேர்வெழுதப் போகும் மாணவியும் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒலிப்பானை அடிக்காதே, ஃபிளக்ஸ் வைத்து நடைபாதையை மறைக்காதே, ஒலிபெருக்கியைப் பத்து மணிக்கு நிறுத்து என்று அவர்கள் கேட்பதை முதலில் ஏற்றுக்கொண்டால்தான் மற்றதைப் பேச வாய் வரும். இன்னொன்று, ‘சாமி கும்பிட வந்தவரிடம் போய் விதி பேசாதே’ என்பது. விதி இல்லாத வழிபாடு எது? இடப்பக்கம் நட, செருப்பைக் கழற்று, அவசரப்படாதே என்பவை எல்லாம் விதிதானே. 1992 மகாமகத்தில் கும்பகோணத்துக் குளக்கரையில் நெரிசலில் மாண்டவர்களை மறந்தவர்கள்தான் கூட்டத்துக்கு விதி வேண்டாம் என்று சொல்வார்கள்.

மூன்றாவது குரல் ஒன்றையும் மெல்லக் கேட்கிறேன்: ‘இது எங்கள் மத விஷயம், மற்றவர் தலையிட வேண்டாம்’ என்பது. செஞ்சியில் அப்படிச் சொல்ல முடியாது. இந்தக் கோட்டையை ஆண்ட தேசிங்கு ராஜன் கதையைப் பாடும்போது அவன் தோழன் மகமத்கானை விட்டுவிட்டு யாராலும் பாட முடியாது. 1714இல் தேசிங்கு போருக்குப் போனபோது திருமணக் கோலத்திலிருந்து எழுந்து அவனோடு போனவன் என்று கதை சொல்கிறது. கோட்டைக்குள் வேங்கடரமணர் கோயிலும் இருக்கிறது, சாதத்துல்லாகான் பள்ளிவாசலும் இருக்கிறது. ஊரை ஒட்டிய திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்கள் பாறையில் அமர்ந்திருக்கிறார்கள். 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்த சமணத் துறவியின் கல்வெட்டு அங்கே உண்டு. கூட்டுரோட்டில் பௌர்ணமி இரவு வண்டிக்குப் பஞ்சர் ஒட்டும் கடைக்காரர் என்ன மதம் என்று எந்தப் பயணியும் கேட்டதில்லை. பொறுப்பைப் பகிரும்போது மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் 12 கோட்டைகள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்த ஒரே கோட்டை செஞ்சி. ஊரெங்கும் மகிழ்ச்சி. அதைத் தொடர்ந்து பேசப்பட்டதெல்லாம் பகலில் வரும் சுற்றுலாப் பயணியைப் பற்றி: வழிகாட்டி, விடுதி, விளக்கப் பலகை. எல்லாம் வரட்டும். ஆனால் அந்தத் திட்டங்களை எழுதுகிறவர்கள் இரவில் ஒருமுறை இங்கே வந்து நிற்க வேண்டும். சீட்டு வாங்கிக் கோட்டை ஏறுபவரைவிடப் பல மடங்கு பேர் சீட்டு வாங்காமல் இந்த ஊரைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். கழிப்பறையும் குடிநீரும் வண்டி நிறுத்துமிடமும் இருவருக்கும் ஒன்றுதான். பகலில் அவருக்கு, இரவில் இவருக்கு என்று ஒரே செலவில் செய்துவிடலாம். பேரூராட்சி, வணிகர் சங்கம், வேன் உரிமையாளர்கள், கல்லூரி மாணவர்கள், கோயில் நிர்வாகங்கள், ஜமாத், காவல்துறை ஆகியோர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். இரண்டு மாவட்டங்களின் அதிகாரிகளும் அதில் இருக்க வேண்டும். கீழ்பென்னாத்தூர் வரைக்கும் ஒரு நிர்வாகம், இந்தப் பக்கம் இன்னொரு நிர்வாகம் என்ற கோடு நடப்பவரின் காலுக்குத் தெரியாது.

பயணம் வருபவர்களிடம் கேட்க வேண்டியதும் கொஞ்சம் உண்டு. வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டிலும் மஞ்சப்பையும் கொண்டு வாருங்கள். கொண்டு வந்த குப்பையைத் திருப்பிக் கொண்டு போங்கள். சூடத்தைச் சாலையில் ஏற்றாமல் அதற்குரிய இடத்தில் ஏற்றுங்கள். குரங்குக்குப் பிஸ்கட் போடாதீர்கள். அது மறுநாள் குழந்தையின் கையிலிருந்து பிடுங்கும். பௌர்ணமியில்தான் சுற்ற வேண்டும் என்று கட்டாயமில்லை. எல்லா நாளும் மலை அங்கேயே இருக்கிறது, செவ்வாய்க்கிழமை காலையில் போனால் மயில் அகவுவதுகூடக் கேட்கும். முடியாதவர்கள் தீபத்தன்று வராமல் இன்னொரு நாள் வந்தால், அன்று வந்தே ஆக வேண்டியவருக்கு ஓரடி இடம் கிடைக்கும்.

இதைத் தொடங்குவதற்குப் பெரிய நாள் பார்க்க வேண்டாம். அடுத்த பௌர்ணமிக்கு முன் ஓர் அமாவாசை வருகிறது. மேல்மலையனூர்க் கூட்டம் திருவண்ணாமலைக் கூட்டத்தைவிடச் சற்றுக் குறைவு. அங்கே போகும் வழியில் வளத்தி வரை சாலையும் நமக்குப் பழக்கம். அன்றைக்கு ஒரு மண்டபத்தைத் திறந்து, பத்துப் பாய் விரித்து, கூட்டுரோட்டில் நிற்கும் ஓட்டுநர்களில் எத்தனை பேர் வந்து படுக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்போம்.